எடுத்தால் வைக்க வேண்டும்

வெளிநாட்டிலிருந்து வருகிற மாமாக்கள் சொக்லேட்டும் சம்பூவும் கொண்டுவருவார்கள் என்பதுதான் வெள்ளவத்தையில் என் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உலக வழமை. கனடாவிலிருந்து வந்த என் சின்ன மாமா அவற்றோடு ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தார். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் ஓரிடத்தில் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் குறிப்பை இணையத்தில் போடுவார். வேறு யாரோ முன்பின் தெரியாத இன்னொருவர் ஃபோனைப் பார்த்துப் பார்த்துத் தேடிப் போய், அதைக் கண்டெடுத்து, உள்ளேயிருக்கும் கடதாசியில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வருவார். ஜியோகாஷிங் என்று பெயராம். உலகம் முழுக்க விளையாடுகிறார்களாம்.

அம்மா இதைக் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆருக்காக வைக்கிறது?"

"ஒருத்தருக்காகவும் இல்லையக்கா. சும்மா."

சும்மா ஒருவர் பெட்டி ஒளித்துவைப்பார் என்பது அம்மாவுக்கு ஏறவேயில்லை. இந்த நகரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பையைக் கண்டால் அந்த ஒழுங்கையையே விட்டு வேறு தெருவால் போகிறவர் அவர். சண்டை முடிந்து சில வருடங்களாகியிருந்தன. ஆனாலும் எங்கள் வீட்டில் மூலைக்கடைக்குப் பாண் வாங்கப் போகிறவர்கூட "ஐசி எடுத்தாச்சோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் படி இறங்க முடியாது. அடையாள அட்டை எடுக்கும் வயதே ஆகாத என்னிடமும் ஒருமுறை பழக்கதோஷத்தில் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கோ மாமாவின் விளையாட்டு வெறும் பகிடி. "இவ்வளவு காசு செலவழிச்சு வந்து குப்பை கிண்டுற ஆளை இப்பத்தான் காணுறன்" என்று சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மாமா வந்தது உண்மையில் பெட்டி தேடுவதற்காக அல்ல. வந்த அன்றே சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாட படம் ஒண்டும் இல்லையே, அக்கா?"

"இல்லை."

"ஒண்டுகூடவோ? எனக்கு முகம் மறந்துகொண்டு வருது."

அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். பெரிய மாமா என்று ஒருவர் இருந்ததாகவும், வன்னிக்குப் போனவர் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சட்டம் போட்ட படங்களாக, மாலையோடு சுவரில் இருந்தார்கள். பெரிய மாமாவுக்கு மட்டும் படமில்லை. படமில்லாத ஆட்களும் உலகத்தில் இருப்பார்களாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு விளையாட்டுத்தான் பெரிதாக இருந்தது. அதற்கென்று பண்பாடு இருப்பதாக மாமா சொன்னார். கோயிலில் நடந்துகொள்வது மாதிரி அதிலும் நடந்துகொள்ள வேண்டும். விளையாட்டில் இல்லாதவர்கள் பார்க்கப் பெட்டியை எடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு மாமாவின் கூட்டாளிகளிடம் ஏதோ ஒரு பட்டப்பெயர் இருந்தது. நாங்கள் சனம் என்றே வைத்துக்கொண்டோம். சனம் வந்தால் ஃபோன் கதைப்பதுபோல் நிற்க வேண்டும், அல்லது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும். நிலத்தைத் தோண்டக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது, எறும்பு வரும். மற்றவருடைய காணியில் வைப்பதென்றால் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றிருந்தது. பெட்டிக்குள் சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கும், விரும்பினால் ஒன்றை எடுக்கலாம். எடுத்தால், அதற்குச் சமமான ஒன்றையாவது வைக்க வேண்டும். எடுத்துவிட்டு வெறுமையாக விட்டுப்போகிறவன் மனுசனேயில்லை என்றார் மாமா. நான் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினேன்.

முதல் பெட்டி எங்கள் ஒழுங்கையின் முடிவில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்புறம், கடற்கரைக் கற்களுக்குள் இருப்பதாக ஃபோன் காட்டியது. தானும் வருவதாக அம்மா சொன்னார். மாமா சிரித்துக்கொண்டே வேண்டாமென்றார். ஐசிக் கேள்வி வந்தபோது, "இப்ப ஆரக்கா கேக்கினம்?" என்று கையை வீசிக்கொண்டு நடந்தார். பாஸ்போட் அலுமாரிக்குள் கிடந்தது.

மாமா கெட்டிக்காரர்தான், ஆனால் அன்று செய்ததெல்லாம் விசர்வேலை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு தண்டவாள ஓரமாக மேலும் கீழும் நடந்தார். நின்றார். திரும்பினார். கற்களுக்குள் கையை விட்டார். யாராவது பார்த்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அடிக்கொருதரம் குனிந்ததில் முன்பு பார்க்காதவர்களும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஒரு ஓட்டோக்காரர் வந்தார். பிறகு வடை விற்கிறவர் வண்டிலோடு வந்தார். பிறகு, யார் கூப்பிட்டதோ, ஒரு பொலிஸ்காரர் வந்தார்.

"மொக்கத மே?" என்று கேட்டார் அவர், என்ன இது என்று. மாமாவுக்குச் சிங்களம் மறந்துபோயிருந்தது, ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். இங்கே ஒரு பெட்டி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் அதை எடுத்துப் பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிடுவேன் என்றார். தண்டவாளத்தில் நின்று ஒரு தமிழ் ஆள் சொல்லக்கூடிய வசனங்களில் இதைவிட மோசமான ஒன்றை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை. பொலிஸ்காரரின் முகம் மாறிவிட்டது. ஐசி கேட்டார். மாமா காற்சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்தார். ஸ்டேசனுக்குப் போய்க் கதைக்கலாம் என்று பொலிஸ்காரர் மாமாவின் முழங்கையில் கைவைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா வந்தார். வீட்டிலிருந்து ஓடிவரவில்லை. தம்பிலி இளநீர் விற்கிறவரின் குவியலுக்குப் பக்கத்தில், குடையின் கீழே, முழுநேரமும் நின்றிருக்கிறார். எங்களுக்குப் பின்னாலேயே அவ்வளவு தூரமும் நடந்துவந்ததை நாங்கள் இரண்டு பேரும் காணவில்லை. கைப்பையில் மாமாவின் பாஸ்போட் இருந்தது.

அழாதே என்று என் தலையைத் தடவினார். கை காதோரமாகப் போய்வந்தது. பிறகு முகமெல்லாம் சிரிப்பாகப் பொலிஸ்காரரிடம் திரும்பிச் சிங்களத்தில் பொழிந்தார். இவன் என்னுடைய மல்லி, கூடப்பிறந்த தம்பி, கனடாவிலிருந்து வந்திருக்கிறான், விவரமில்லாதவன். பிள்ளையின் தோடு இந்தக் கல்லுக்குள் விழுந்துவிட்டது, அம்மா அடிப்பாளென்று இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள், மஹத்தயா. நான் காதைத் தொட்டுப் பார்த்தேன். தோட்டைக் காணவில்லை.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பொலிஸ்காரர் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கற்களுக்குள் தோடு தேடினார். ஓட்டோக்காரர் தேடினார். வடைக்காரர் வண்டிலை விட்டுவிட்டுத் தேடினார். பொன் விற்கிற விலையைப் பற்றி எல்லாரும் கவலையோடு கதைத்தார்கள். கடைசியில் அம்மாவே "மென்ன", இந்தா இருக்கு என்று தோட்டைக் கையில் உயர்த்திக் காட்டினார். எல்லாருக்கும் பெரிய சந்தோசம். பொலிஸ்காரர் என் கன்னத்தைத் தட்டி, கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனம் கலைந்து போகும்வரை அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைப் பெரிதாகத் திறக்காமல் சொன்னார். "அந்த வெடிச்ச கல்லுக்குக் கீழ கிடக்கு. கறுப்பு ரேப் சுத்தின டப்பா."

மாமா வாயைப் பிளந்தார். "கண்டனீங்களெண்டால் ஏன் சொல்லேல்லை?"

"கண்டதெல்லாம் சொல்லுறதே?"

டப்பாவிலிருந்து உருட்டி விளையாடும் ஒரு நீலக் கண்ணாடிப் போளையை நான் எடுத்தேன். உடைந்த அழிறப்பரைப் பதிலுக்கு வைக்கப் பார்த்தபோது மாமா மறித்து, என் தலைக் கிளிப்பை வைக்கச் சொன்னார். சமமாக இருக்க வேண்டுமல்லவா.

மாமாவுக்கு ஒரு ஆசை இருந்தது, போவதற்குள் தானும் ஒரு பெட்டி ஒளித்துவைக்க வேண்டும் என்று. கடற்கரைக் கூத்துக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். கொண்டுவந்த டப்பாவைப் பயணப்பெட்டியில் திருப்பி அடுக்கவும் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்ற அம்மா, "வைக்கிறதெண்டால் நான் ஒரு இடம் காட்டுறன்" என்றார். எனக்கு நம்பமுடியவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அம்மா அங்கே கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் பஸ்ஸால் இறங்கி நேரே போகக்கூடிய ஒழுங்கையை விட்டுவிட்டு ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் கூட்டிக்கொண்டு போவார். அன்றைக்கு அந்த ஒழுங்கைக்குள்ளேயே திரும்பினார். கலியாணத்துக்கு முதல் அம்மா தன் தாய் தகப்பனோடு வாடகைக்கு இருந்த வீடு அதில்தான் இருந்தது. ஏஜென்சிக்காரன் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை மாமாவும் சில மாதங்கள் அங்கே இருந்தாராம்.

இப்போது அங்கே ஒரு வேதக்கார அன்ரி இருந்தார். சொந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்ற விதிப்படி மாமா எல்லாவற்றையும் விளக்கினார், இம்முறை தமிழில், மெதுவாக. அன்ரி டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கூடாத சாமான் ஒண்ணும் இல்லத்தானே?"

செய்வினையாக இருக்குமோ என்று பயம். மாமா திறந்து காட்டினார். பெயரெழுதக் கடதாசிச் சுருள், பென்சில், சட்டையில் குத்துகிற கனடாக் கொடி ஊசி, என் நீலப் போளை. நான் மனமில்லாமல்தான் அதைக் கொடுத்திருந்தேன். அன்ரி யோசித்துவிட்டு உள்ளே போய், ஒரு சின்ன மாதா மெடல் கொண்டுவந்து தானும் உள்ளே போட்டார். "இப்ப வைங்க. ஒரு பயமும் இல்ல."

அம்மா யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் பின்னால் போனார். குழாயடி, அதற்கு அந்தப்புறம் கக்கூஸ், அதன் பின்னால் பாசி பிடித்த மதில். தண்ணி வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் குந்தினார். ஒரு செங்கல்லை இரண்டு விரலால் ஆட்டினார், அது இலேசாகக் கழன்று வந்தது. உள்ளே டப்பா போகக்கூடிய அளவுக்கு இடமிருந்தது. மாமா எத்தனையோ நாடுகளில் பெட்டி தேடியவர், இப்படி ஒரு இடத்தைக் கண்டதேயில்லை என்றார். அந்த வீட்டில் இருந்த காலத்திலும் தான் இதைக் காணவில்லையே என்றார்.

அம்மா டப்பாவை வாங்கவில்லை. முதலில் கையை உள்ளே விட்டார். முழங்கை வரைக்கும் விட்டு, மேலே, கீழே, பக்கமெல்லாம் தடவினார். பூரான் இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். பூரான் பார்க்க அவ்வளவு நேரம் எடுக்காது. கையை வெளியே எடுத்தபோது சீமெந்துத் தூளும் ஒரு காய்ந்த வேரும்தான் வந்தன.

"அண்ணாட படம் இதுக்குள்ளதான் வைச்சனான்" என்று மாமாவிடம் சொன்னார். "செக்கிங் வரேக்குள்ள வீட்டில கிடந்தால் கரைச்சல் எண்டு அம்மா எரிக்கச் சொன்னவ. எனக்கு மனம் வரேல்லை. பொலித்தீனில சுத்தி வைச்சன். ஒரேநாளில வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாங்கள். முத்தத்தில ஆக்கள் நிண்டவை, எடுக்கேலாமப் போச்சு."

"எத்தினை படம்?"

"அந்த ஒண்டுதான் இருந்தது."

அம்மா பாவாடை விளிம்பில் கையைத் துடைத்தார். யாரும் கதைக்காமல் நின்றதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல அதுதான் நல்ல தருணம் என்று பட்டது.

"ஆரோ எடுத்திட்டினம் அம்மா. எடுத்தால் பதிலுக்கு ஒண்டு வைக்கோணும். அவைக்கு றூல்ஸ் தெரியாது."

"ஓமம்மா" என்றார் அம்மா. "வைச்சிருக்கோணும்."

விதியை மறக்காமல் சரியான இடத்தில் சொன்னதற்கு மாமா என்னைப் புகழ்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டென்று மதில் பக்கம் திரும்பி ஃபோனைக் காதில் வைத்தார். மணி அடிக்கவுமில்லை, அவர் கதைக்கவுமில்லை. சனம் வருகிறார்களாக்கும் என்று நினைத்து, சொல்லித்தந்த மாதிரியே நானும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.