ஏழாம் மாதத்தில் பிடுங்கிய கிழங்கு

அன்று கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மரவள்ளி பிடுங்க வந்த ஒன்பது பெண்கள், மூன்று ஆண்கள், லாரி டிரைவர். பத்து மணிக்கு மேல் நைனார்பாளையத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்த மனைவியின் அண்ணனையும் சேர்த்தால் பதினாறு பேர். தனியாக நடந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ. இத்தனை பேர் முன்னால் நடந்துவிட்டது.

அந்த இரண்டு ஏக்கரை நானும் மச்சானும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தோம். விதைக்குச்சி, உரச் செலவு அவருடையது. பாடு என்னுடையது. வருவதில் ஆளுக்குப் பாதி. ஐப்பசியில் நட்டோம். பத்து மாதம் மண்ணில் இருந்தால்தான் கிழங்கில் மாவு ஏறும். ஜவ்வரிசி மில்லில் அந்த மாவை அளந்து இத்தனை பாயிண்ட் என்பார்கள், பாயிண்டுக்குத்தான் காசு. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆவணியில் பிடுங்கியதும் தன் பங்கை வைத்துப் பெரிய பெண்ணைக் கள்ளக்குறிச்சியில் நர்ஸிங் சேர்க்கப் போவதாக மச்சான் சொல்லியிருந்தார்.

வைகாசியில் போனில் அந்த வீடியோ வந்தது. ஒரு விண்கல் பூமிக்கு மிக அருகில் வருகிறது, வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என்று ஒருவர் பதறிக்கொண்டு சொன்னார். அவருக்குப் பின்னால் ஓர் ஊர் எரிந்தது. பாதியிலேயே அணைத்துவிட்டேன். நான் அப்படித்தான். கேஸை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகும் இறங்கி வந்து பார்க்கிறவன். எட்டாவதோடு நின்றுவிட்டவன் வேறு. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பார்களோ என்று கேட்கமாட்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு கையில் காசாக இருந்தால் குடும்பத்தோடு மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு ஏறி ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிடலாம் என்று தோன்றியது. முதலில் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"கல்லு மேலேர்ந்து வருதுன்றீங்க. நாம மலை ஏறிப் போயி அதுக்கு எதுர்ல நிக்கணுமா?" என்றாள்.

அப்படியும் மச்சானுக்குப் போன் செய்தேன். விண்கல் என்று சொல்ல வாய் வரவில்லை. "செடி முழுக்க மாவுப்பூச்சி மச்சான். வுட்டா ஒரு கிழங்கு தேறாது" என்றேன்.

"கொல்லையில நிக்கிறவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா மாப்ள? புடுங்கிடுங்க. கூலிக்கு நான் காசு எடுத்துகினு வரேன்" என்றார்.

அவர் வியாழக்கிழமை வந்தபோது கடைசி நாலு வரிசைதான் பாக்கி. பைக்கை நிறுத்திவிட்டு, பிடுங்கிப் போட்டிருந்த செடி ஒன்றை எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. அப்புறம் ஓரத்தில் கிடந்ததை.

"பூச்சி எங்க கீது மாப்ள?"

நான் பதில் தேடுவதற்குள், கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தலை நிமிராமலே சொன்னாள்: "பூச்சியா? ஏன் இந்த அவசரம்னு கேட்டதுக்கு எங்ககிட்ட கல்லு வுழப் போவுதுன்னு இல்ல சொன்னாரு! இன்னைக்குள்ள முடிக்கணும், அம்பது ரூவா ஜாஸ்தி தரேன்னு இட்டாந்தாரு."

"இன்னா கல்லு?"

"வானத்துலேர்ந்து. செல்லுல வந்துச்சாம்."

டிரைவர் கேபினிலிருந்து தலையை நீட்டினான். "ஏண்ணே, கல்லு வுழுந்தா கைல காசு வச்சிகினு இன்னா பண்ணுவீங்க? எவன் கடைய தொறந்து வச்சிகினு ஒக்காந்திருப்பான்?"

"நாளைக்கு வுழுவுதுன்னா கூலிய இன்னைக்கே வாங்கிடுங்கடி" என்றாள் இன்னொருத்தி.

மச்சானையும் என் மனைவியையும் தவிர அத்தனை பேரும் சிரித்தார்கள். மச்சான் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வந்து பக்கத்துல ஒக்காந்திருப்பேன். பூச்சின்னு எதுக்கு சொன்னீங்க?"

"இல்ல மச்சான்... ஒண்ணு ரெண்டு செடியில பாத்தேன்..." என்று உளறினேன். அந்த நேரத்திலும் இன்னொரு பொய்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கறுத்துவிடும். லாரியில் ஏற்றினோம். கூலியை அவரே எண்ணிக் கொடுத்தார், நான் சொல்லியிருந்த ஐம்பதையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நான் மில் வாசலில் நின்றிருந்தேன். அளந்தவர் பத்தொன்பது பாயிண்ட் என்றார். ஆவணியில் என்றால் இருபத்தெட்டுக்குக் குறையாது. வெயிலில் அண்ணாந்து பார்த்தேன். ஒரு காக்காகூட இல்லை.

சாயங்காலம் வீடியோவின் மீதியைப் பார்த்தேன். நிலாவுக்கும் அப்பால் வெகுதூரத்தில் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அதே ஆள் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வானத்துக் கணக்கில் அதுதான் அருகிலாம். சூரியனைச் சுற்றிக்கொண்டு அது மறுபடி இந்தப் பக்கம் வர எத்தனையோ வருஷம் ஆகுமாம். அதற்கு அவசரமே இல்லை. மூன்று மாதம் பொறுக்க முடியாமல் போனது எனக்குத்தான்.

ஆவணியில் மச்சான் பெண் நர்ஸிங் சேரவில்லை. ஒரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றாள். கள்ளக்குறிச்சிக்குப் போனால் அந்தத் தெருவை விட்டுச் சுற்றித்தான் போவேன். ஒருநாள் அவளே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மாமா, உள்ள வாங்க. அத்தைக்குப் பொடவ பாருங்க." முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. வேலை இருக்கிறது என்று நழுவினேன். மறு வருஷம் மச்சான் எங்கோ பணம் புரட்டி அவளைச் சேர்த்துவிட்டார்.

மச்சான் என்னிடம் காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகத்தான் கணக்குப் போட்டேன். என்னால் அவர் பங்கில் நாற்பத்தாறாயிரம் குறைந்துவிட்டது. கையில் சேரும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேண்டாம் என்பார். சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பொய் சொன்னது தப்பு மச்சான் என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் போகிறேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புகிறேன். அந்த வார்த்தை அப்படியே நிற்கிறது. காசில் இதுவரை இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு போய்விட்டது. இன்னும் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.