அக்கா பிடித்த வால்கள்

என் கணவரின் அண்ணன் மனைவி, ஊரிலேயே கிராக்கியான பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தாள். உறவுக்கு ஓரகத்தி, கூப்பிடுவது அக்கா என்று. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. தெருவைப் பார்த்த முன்னறையில் நான் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன்.

ஐம்பது வயதுக்கு மேல் அக்காவுக்குக் காட்டு மிருகங்களைப் படம் பிடிக்க ஆசை வந்தது. எனக்கு ஆசை வந்தால் ஒரு ஜோடி செருப்பு வாங்குவேன். அக்கா முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வாங்கினாள். அதைச் சுமக்க அவள் கணவர், என் மூத்தார், இருந்தார். அவர் மருந்துக்கடைக்காரர். வீட்டில் ஒரு நாளைக்கு அவர் பேசுகிற மொத்தப் பேச்சையும் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

முதல் தடவை என்னையும் அழைத்துப் போனார்கள். காட்டுக்குள் ஒரு குட்டையில் மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. யாரும் சத்தம் போடக் கூடாது என்று அக்கா எங்களை எச்சரித்தாள். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசைவரை எட்டுகிற குரல் அது. மான்கள் தலையைத் தூக்கின. அசையாமல் நிற்கச் சொல்லி அவற்றுக்கும் ஓர் அதட்டல் போட்டாள். பிள்ளைகளாக இருந்தால் நின்றிருப்பார்கள். மான்களுக்கு அந்தப் பள்ளியில் இடம் வேண்டியிருக்கவில்லை. ஓடிவிட்டன. அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் வால்.

அப்புறம் நரி வந்தது, காட்டுப்பன்றி வந்தது, கொக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் அதே மரியாதை; எல்லாம் வால். மூத்தாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர வாய் திறக்கவில்லை. மாடியும் கீழுமாகக் குடியிருக்கும் சொந்தக்காரர்களுக்கு உண்மை கட்டுப்படியாகாது.

படங்களைப் பார்த்து முதலில் அக்காவே முகம் சுளித்தாள். அவளைக் காப்பாற்றியவர் இயற்பியல் ஆசிரியர். துணைத் தலைமை ஆசிரியர் பதவி காலியாக இருந்த நேரம் அது. முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், வாலை எடுக்கத்தான் தனிப் பார்வை வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பதவி கிடைத்தது. அக்காவுக்கு ஒரு கொள்கை கிடைத்தது. முகம் பொய் சொல்லும், வால் சொல்லாது என்று ஆண்டு மலரில் கட்டுரையே எழுதினாள்.

பள்ளி அரங்கில் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகளைச் சேர்க்கிற மாதம் பார்த்து வைத்தார்கள். பிரேம் போட்டதும் நான், விற்பனை மேஜையில் உட்கார்ந்ததும் நான். வால் பிடிப்பது என்று நாம் சொல்கிறோமே, அதை இவ்வளவு நேராகச் செய்தவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. டைல்ஸ் கடைக்காரர் நரிவாலை வரவேற்பறையில் மாட்டினார். ஒரு பல் டாக்டரம்மா, நோயாளிகள் வாயைத் திறந்து படுக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே காட்டுப்பன்றியின் பின்புறத்தை மாட்டினாள். இன்னொரு அம்மா என் மேஜையில் சாய்ந்துகொண்டு, சின்ன வகுப்பில் சேர்க்க எந்த வால் நல்லது என்று ரகசியமாகக் கேட்டாள். இரட்டைப் பிள்ளைகள் என்றாள். அப்படியென்றால் கொக்கு ஜோடி என்றேன். வாங்கிப் போனாள்.

அக்காவுக்கு இது புரியவே இல்லை. காப்பியடிக்கிற பிள்ளையை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பவள், பெற்றோர் ஊட்டிய புகழ்ச்சியை மட்டும் மெல்லாமல் விழுங்கினாள்.

பிறகு ஓய்வு பெற்றாள். புதிய தலைமை ஆசிரியையின் கணவர் கவிதை எழுதுகிறவர். விடுமுறை முடிவதற்குள் டைல்ஸ் கடைக்காரர் நரிவாலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். இளையவனைச் சேர்க்க வேண்டுமாம்.

"பிரேம் நல்லாத்தாம்மா இருக்கு. உள்ள இருக்கிறதை எடுத்துட்டு இதை வெச்சுக் குடுங்க" என்று, நிலவைக் கூப்பிட்டுத் தொடங்கும் ஒரு தாளை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து, புதுப் படங்களோடு அக்கா உள்ளே வந்தாள். பின்னால் மூத்தார், ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு. டைல்ஸ்காரர் சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். அக்கா மேஜையில் கிடந்த கவிதையை எடுத்துப் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையை அவருக்குச் சுட்டிக்காட்டினாள். அவர் நன்றி சொல்லிவிட்டு நழுவினார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரசனை இல்லாத ஜனங்கள் என்றாள். இத்தனை மிருகங்களும் தனக்கு மட்டும் வாலைக் காட்டுகின்றன என்றால் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்றாள்.

"இருக்கு. குரல் இருக்கு" என்றார் மூத்தார். ஸ்டாண்டை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். "நீ கத்துற. அதுங்க பயந்து ஓடுது. முதல் நாள்லேருந்தே அப்படித்தான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே நான் கத்துறேனா?"

எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அவளைப் பற்றி நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த கேலியில் ஒரு சொல்கூட நாக்குக்கு வரவில்லை.

"கொஞ்சம், அக்கா" என்றேன்.

அடுத்த மாதம் இருவரும் மறுபடியும் காட்டுக்குப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் அக்கா வாயே திறக்கவில்லையாம். எந்த மிருகத்தைப் பார்த்ததைவிடவும் அதுதான் தனக்கு அதிசயமாக இருந்தது என்றார் மூத்தார்.

திரும்பி வந்து எனக்கு ஒரு படத்தைக் காட்டினாள். நேராகப் பார்க்கிற மான். கண், காது, மூக்கு எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. காலண்டரில் வருகிற எந்த மானையும் போல இருந்தது. அக்கா அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கு பிரேம்?" என்று பைக்குள் திணித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

காமிராவை அதன்பிறகு அவள் தொடவில்லை. இப்போது மூத்தாரின் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். இருமலுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள், வாசலிலேயே இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.