எதிர்ப்பக்கத்தில் நின்றவர்

பேய்க்கதை கேட்டுப் பயப்படுகிற பிறவி இல்லை நான். கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். என்னைப் பயமுறுத்த வேண்டுமென்றால் உறைந்த தெருவில் பிரேக் பிடிக்காமல் போகவேண்டும். அதனால், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கும் மலரக்கா, செத்துப்போன புருசன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார் என்று முதன்முதலில் சொன்னபோது, கண்ணாடி மாற்றி எத்தனை வருசம் என்றுதான் கேட்டேன்.

"கண்ணுக்கு ஒண்டுமில்லை வதனி. வேலை முடிஞ்சு மார்க்கம் ரோட்டில பஸ்ஸால இறங்கேக்க நிக்கிறார். அதே மெல்லிய ஜக்கெற். சிக்னல் விழுந்து எல்லாரும் கடந்து வருவினம். அவர் மட்டும் வரமாட்டார்."

"ஏனாம்? கால் உளைவோ?"

"பகிடி விடாதை பிள்ளை. அவரைத்தான் இன்னும் கூப்பிடேல்லையே."

அவர் பெயர் குலசிங்கம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரை அமெரிக்கா வரைக்கும் கொண்டுவந்து, பஃபலோ நகரத்தில் விட்டுவிட்டுப் போனான். கனடா எல்லையில் அகதி விண்ணப்பம் கொடுக்க நாள் குறிக்கும்வரை, அங்கே ஓர் அகதி வீட்டில் தங்கியிருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கனடா, கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். நாள் குறித்துக் கூப்பிடுவதற்கு முன்னமே, ஒரு தை மாதம், நெஞ்சடைத்துச் செத்துப்போனார். மலரக்கா அப்போது ஊரில், மீசாலையில். இங்கேயிருந்த அவருடைய மாமன்காரன் சாம்பலை எடுத்துவரப் பயந்துவிட்டார். சாவுத் துடக்கு, அந்தத் தீட்டு, வீட்டுக்குள் வந்துவிடுமாம்! உயிரோடு இருந்தவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுக்காத மனுசனுக்குத் துடக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. சாம்பல் அகதி வீட்டுக்குப் பக்கத்துக் கிறிஸ்தவச் சிற்றாலயத்திலேயே இருந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, ஆற்றில் கரைக்கவில்லை. பிறகு மலரக்கா வேறு வழியால் வந்து, அகதிக் கேஸ் வென்று, கேக் பக்டரியில் வேலைக்கு நின்று, போன வருசம்தான் நிரந்தர வதிவிட அட்டை கிடைத்தது.

அட்டை வந்த அன்றைக்கே குளித்துச் சேலை கட்டிக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

"வெளிக்கிடு பிள்ளை. பஃபலோவுக்குப் போவம்."

"அக்கா, அந்தக் கார்ட் இந்தப் பக்கத்துக்குத்தான். அங்கால போக விசா வேணும். நானெண்டால் சிட்டிசன், எனக்குத் தேவையில்லை. வேணுமெண்டால் நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"அவர் உன்னோட வருவாரோ? கண்டறியாத ஆக்களை நம்பி வந்துதானே மனுசன் இடைவழியில நிக்கிறார். நான் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்."

விசாவுக்கு யோசனை சொல்ல நாலாம் மாடித் தம்பையா அண்ணை இருந்தார். கட்டடத்தில் பாதிப் பேரின் கேஸுக்குக் கதை சொல்லிக்கொடுத்தவர். எங்கள் சனத்துக்கு இது ஊறிப்போன பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி இருந்தால் உண்மை வாயில் வராது, பாடமாக்கியதுதான் வரும்.

"செத்த வீடு, சாம்பல் எண்டு வாய் திறக்கக்கூடாது தங்கச்சி," என்றார் அண்ணை. "அழுது குளறி அங்கேயே நிண்டிடுவாள் எண்டு நினைப்பாங்கள். சொப்பிங் போறன் எண்டு சொல்லும். சொப்பிங் போறவையை ஒருத்தரும் மறிக்கமாட்டாங்கள்."

மலரக்கா அமெரிக்க விசா அலுவலகத்துக்குப் போனார், சொன்னார். என்ன வாங்கப் போகிறீர்கள் என்று அங்கேயிருந்த பெண் அதிகாரி கேட்டிருக்கிறாள். வாழ்நாளில் தனக்கென்று ஒரு செருப்புக்கூட ஆசைப்பட்டு வாங்காத மனுசி என்ன சொல்வார்? முழுசிக்கொண்டு நின்றார். பயணப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, இல்லை என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஒரு பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு மார்க்கம் ரோட்டுச் சந்திக்கு வருகிறேன். எனக்குப் பச்சை. மலரக்கா நடைபாதையை விட்டு இறங்கித் தெருவுக்குள் வருகிறார். என்னைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கத்தையே பார்த்தபடி, சிரித்த முகத்தோடு வருகிறார். நான் பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு முழ இடைவெளியில் பஸ் நின்றது.

இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "விசரே உங்களுக்கு?"

"அவர் வரேலாட்டி நான் அங்கால போகவேணும்தானே," என்றார், சந்தைக்குப் போவதைச் சொல்வதுபோல. கை பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது.

நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் நாலாம் மாடிக்குப் போய், இனி அவவுக்கு வாய் திறந்தால் உங்கள் பல்லுக்கு நான் பொறுப்பில்லை என்று தம்பையா அண்ணையிடம் சொல்லிவிட்டு, மலரக்காவுக்கு மறுபடியும் விசாவுக்கு நாள் எடுத்தேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா. ஒருக்கா."

"உள்ளதைச் சொன்னால் நம்புவாங்களோ?"

"பொய்யை நம்பேல்லைத்தானே. இதையும் ஒருக்காப் பாப்பம்."

இந்த முறை ஒரு கிழவர் இருந்தாராம். எதற்குப் போகிறாய் என்று கேட்டதும், தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில், "என்ர மனுசன் அங்க தனிய இருக்கிறார், செத்துப்போனார், கூட்டிக்கொண்டு வரவேணும்," என்று சொல்லியிருக்கிறார் மலரக்கா. கிழவர் பேனையை வைத்துவிட்டு, அங்கே குளிர் இன்னும் மோசம், சால்வை கொண்டுபோ என்றாராம். விசா கிடைத்தது.

சித்திரையில் போனோம். சிற்றாலயத்துப் பெண்மணி ஒரு தகரப் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து, ஓர் அத்தாட்சிக் கடிதமும் தந்தார். மலரக்கா அழவில்லை. பெட்டியைச் சால்வையால் சுற்றி, அதன் மேல் குனிந்து, பகல் தூக்கத்திலிருந்து எழுப்புவதுபோலச் சொன்னார்: "எழும்புங்கோ. போவம்."

பெட்டியோடு அவர் பின்சீற்றின் நடுவில் ஏறி இருக்க, நான் காரை எடுத்தேன். எல்லைப் பாலத்தடிக்கு வரும்வரை வானொலியைக்கூடப் போடவில்லை. கண்ணாடியில் பின்சீற்றைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

கனடாப் பக்கத்துக் கூண்டில் ஒரு இளம் அதிகாரி. என் கடவுச்சீட்டையும் மலரக்காவின் அட்டையையும் வாங்கிக்கொண்டு, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தீர்கள் என்று கேட்டான்.

"காலையில் போனது," என்றேன்.

மலரக்கா பின்னாலிருந்து எட்டி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, இங்கிலீசில் திருத்தினார்: "நாங்க காலையில. இவர் பதினொரு வருசம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து சால்வைச் சுற்றைப் பார்த்தான். கடிதத்தை நீட்டினேன். வாசித்தான். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் அடுக்கித் தந்து, கையை நெஞ்சில் வைத்து, போகலாம் என்று தலையசைத்தான்.

தடை மேலே எழும்பியது. பின்கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது.

"சரியாப் பூட்டுப்படேல்லையோ அக்கா?" என்று கேட்டுக்கொண்டு, பார்க்கக்கூடாது என்றிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டேன். பெட்டி மலரக்காவின் மடியில் இருந்தது. அவரோ, இவ்வளவு தூரமும் நடுச்சீற்றில் வசதியாய் இருந்து வந்தவர், ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டு மற்றக் கதவோரம் ஒதுங்கியிருந்தார்.

"எடு பிள்ளை," என்றார். "பின்னால ஆக்கள் நிக்கினம்."