பதினெட்டு சென்டிமீட்டர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இன்ஜினியரிங் படித்தவள், எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

கந்தர்வக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் தரைக்கடியில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிரம்பி வழிகிறதே என்று, தொட்டி வாயை ஒட்டி உள்பக்கம் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். அது அனுப்பும் ஒலி எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். சமையலறையில் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, எண் காட்டும் திரை, தண்ணீர் மேலே நெருங்கினால் கத்த ஒரு பஸ்ஸர். மாமியாருக்கு மட்டும் நம்பிக்கையில்லை. “மெஷினு சொன்னா ஆச்சா? கண்ணால பாக்க வேணாமா?” என்று தினமும் தகர மூடியைத் தள்ளிப் பார்ப்பார்.

அன்று மதியம், தண்ணீர் வராத நாள், தொட்டியில் பாதிக்கும் கீழேதான் இருந்தது, திடீரென்று பஸ்ஸர் கத்தியது. திரையில் பதினெட்டு, அதாவது சென்சாருக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் கீழே ஏதோ இருக்கிறது.

“அத அமத்தும்மா, புள்ள முழிச்சிரப் போறான்,” என்றார் அத்தை.

ஈரம் கோத்துக்கொண்டால் சென்சார் உளறும், தெரியும். சுவிட்சில் கையும் வைத்துவிட்டேன். ஆனால் உளறும்போது எண் தாவும், இது அசையவே இல்லை.

“இன்னைக்கு மூடிய மூடுனீங்களா அத்தை?”

அவர் முகம் மாறியதுமே ஓடினேன். பாயில் பிள்ளை இல்லை.

ஒன்றரை வயது முகிலன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அள்ளிக்கொண்டு, மூடியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன். பஸ்ஸர் இன்னும் கத்தியது. திரையில் இருபத்தைந்து. முப்பது. சத்தம் நின்றது. நாற்பது. ஐம்பத்தைந்து. யாரோ அவசரமில்லாமல் கீழே இறங்குவதுபோல எண் கூடிக்கொண்டே போய், தண்ணீர் மட்டத்தில் நின்றது.

“எந்தச் சாமி புண்ணியமோ ஆத்தா,” என்று அத்தை அழுதார்.

சிங்கப்பூரிலிருந்து என் கணவர் போனில் சிரித்தார். “அவன் காலத்தான் அளந்திருக்கு. படிச்சவ நீ, இதுக்கு ஏன் பயப்படுற?”

இருக்கலாம். மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பிள்ளை இதோ ஓடி விளையாடுகிறான், எனக்கு வேறென்ன வேண்டும், நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அன்று அவனை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தபோது உள்ளங்கால்கள் சில்லென்று நனைந்திருந்தன. விரல்களின் மேல்பக்கமும் கணுக்காலும் காய்ந்திருந்தன. உள்ளங்கால்கள் மட்டும், ஈரமான எதன் மேலோ ஊன்றியிருந்ததுபோல.