பனிமலை தெரியும் தூத்துக்குடி

மாப்பிள்ளையூரணியில் பிளெக்ஸும் போஸ்டரும் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டை செய்யும் வேலை அதனால்தான் என் தலையில் விழுந்தது. சங்கத் தலைவர், மளிகை மொத்த வியாபாரி, கைப்பேசியை நீட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார்.

"தம்பி, ஐநூறு வருசத்துக்கு முந்தி நம்ம தூத்துக்குடி. மருமவன் கண்டுபிடிச்சிருக்கான். இதத்தான் அட்டையில போடணும்."

ஐரோப்பாவில் அச்சு வந்த புதிதில் வெளியான ஏதோ ஒரு உலக வரலாற்று நூலின் படம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி எடுத்தது. கோட்டைச் சுவர், ஊசி ஊசியாகக் கோபுரங்கள், முன்னால் கடல், ஒரு கப்பல். பின்னால் வரிசையாக மலைகள், உச்சியெல்லாம் பனி. எங்கள் ஊரில் உயரமானது என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான்.

"அண்ணாச்சி, நம்மூர்ல மலை எங்கன இருக்கு?"

"ஐநூறு வருசம்லா? உப்புக் காத்துல அரிச்சிருக்கும்."

இதற்கு மேல் புவியியல் பேச எனக்குத் தெம்பில்லை. ஆனால் உள்ளே 'அட்டை வடிவமைப்பு' என்று என் பெயர் வருமே! நாலு பேர் சிரித்தால் மானம் போவது எனக்குத்தான். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இணையத்தில் தேடினேன். அகப்பட்டது. அதே நூலில் அதே கட்டையை நாலு பக்கங்களில், நாலு ஊர்ப் பெயர்களோடு அடித்திருந்தார்கள். ஊருக்கு ஒரு கட்டை செதுக்கச் சோம்பல். அந்த நாலில் தூத்துக்குடி கிடையாது, அது மருமகனின் கைங்கரியம்.

மறுநாள் செயற்குழு முன்னால் நாலு பக்கங்களையும் திரையில் போட்டு வெளுத்து வாங்கினேன். சொல்லப்போனால், ரொம்பவே ரசித்து வெளுத்தேன்.

"வாங்குறவன் அந்த ஊரப் பார்த்திருக்க மாட்டாங்கிற தைரியம் அண்ணாச்சி. சுத்தப் பித்தலாட்டம்."

தலைவரின் முகம் கறுத்தது.

"ஏலே, எங்க அப்பா செத்தப்ப நீ அடிச்ச கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல ஒரு மலை இருந்துச்சே. அது எந்த ஊரு?"

அந்தப் போஸ்டர் நினைவுக்கு வந்தது. பனிமலை, அடிவாரத்தில் ஏரி, ஏரியில் ரெண்டு வாத்து. யாருக்கு என் கடையில் அஞ்சலி போஸ்டர் அடித்தாலும், செத்தவர் அங்கேதான் போவார். பெயரும் முகமும் மட்டும் மாறும்.

"அப்பா ஏரல் சந்தையில கருப்பட்டி வித்த மனுசன். அந்தப் போஸ்டரச் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம். எங்க அம்மை தினமும் அதப் பார்த்துட்டு, உங்க அப்பா குளிருல கெடக்காருன்னு சொல்லுதா. வருசா வருசம் திவசத்துக்குக் கம்பளி தானம் கொடுக்கச் சொல்லுதா. இந்த வெயில்ல கம்பளி விக்கிற கடையத் தேடி நான் அலையுதேன்."

செயற்குழு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மலர் வந்துவிட்டது, அட்டையில் பனிமலையோடு தூத்துக்குடி. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வருடத் திவசத்துக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தது நான்தான்.