கருவாட்டு வாடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி

மாம்புரிக் கடற்கரையில் பன்னிரண்டு பேர் முழங்காலில் நிற்கிறோம். வண்ணத்துப்பூச்சி பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்து கூடியவர்கள். பூச்சிகளை வரவழைக்க, இரண்டு நாள் புளிக்க வைத்த அன்னாசியைத் தட்டுகளில் பரப்பியிருக்கிறோம். அதில் இலையான் ஈதான் மொய்க்கிறது.

நாங்கள் தேடி வந்த மஞ்சள் பூச்சிகளெல்லாம், பக்கத்தில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில், வாடிக்காரி ஹபீபா ராத்தா மீன் கழுவி ஊற்றிய ஈரத்தில் குந்தியிருக்கின்றன. கமராக்களோடு அங்கே தவழ்ந்து போகிறோம்.

"அன்னாசிய நீங்களே தின்னுங்க," என்று சிரிக்கிறார் ராத்தா. "நான் மன்னார்ல இருந்து இங்க வந்த நாள் தொட்டுப் பாக்கிறன், இதுகளுக்கு மீன் தண்ணிதான் வேணும்."

அந்நேரம் ஒரு பூச்சி எழும்பி, அவருடைய நனைந்த கையில் வந்து உட்காருகிறது.

"ராத்தா, அசையாதீங்க!" என்று எல்லோரும் கத்துகிறோம்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால், சூடை மீன் காயும் தென்னோலைக் கிடுகில் ஒரு காகம் இறங்குகிறது. காலையிலிருந்து அதோடுதான் அவருக்குச் சண்டை. கடைக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டார். அதை விரட்ட எங்களில் ஒருவரும் எழும்புவதாயில்லை.

"கையத் தூக்கினா உங்கட பூச்சி போயிரும், தூக்காட்டி என்ட மீன் போயிரும்," என்கிறார், உதடு மட்டும் அசைய. "கெதியா படத்த எடுங்க!"

எடுக்கிறோம். பூச்சியும் பறக்கிறது, காகமும் பறக்கிறது. என் படத்தில் பூச்சி வெறும் மஞ்சள் மங்கல். அதற்குப் பின்னால், வாயில் சூடையோடு காகம், இறகு இறகாகத் தெளிவாக இருக்கிறது.

ராத்தா எட்டிப் பார்த்துத் துள்ளுகிறார்.

"இவன்தான் கள்ளன்! இந்தப் படத்த எனக்கும் அனுப்புங்க."