மோட்டார்காரரின் மிஸ்டு கால்

எங்கள் உப்புக் கம்பெனி அலுவலகத்தில் போனையும் பில்லையும் பார்த்துக்கொண்ட அக்காவின் மேசைமேல் ஒரு கறுப்புப் பட்டன் போன் இருந்தது. பின்மூடி கழன்று கழன்று விழுந்ததால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். இரும்பென்று எதை வைத்தாலும் துருப்பிடிக்கும் ஊர் என்பதால் போனுக்கும் அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருந்தார். அந்த போன் ஒருமுறை அடித்து உடனே நின்றுவிடும். அக்கா எண்ணைப் பார்ப்பார். “பேசினா வாய் தேஞ்சிடுமா இவங்களுக்கு?” என்று முணுமுணுப்பார். பிறகு திரும்பக் கூப்பிடுவார். லாரிகளுக்கு லோடு சீட்டு எழுத நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் அது.

மரக்காணம் உப்பளத்தில் மிஸ்டு கால் என்பது ஒரு வழக்கம். டாப்-அப் போடுவது கையைக் கடித்த காலத்தில் தொடங்கியது. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆன பிறகும் அது போகவில்லை, ஏனென்றால் அதற்குள் மரியாதையாக மாறிவிட்டிருந்தது. நாமாகக் கூப்பிட்டு அலுவலகத்தைப் பேச வைப்பது, முதலாளி வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. ஒரு மணி அடித்து நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உப்பு வாரும் பெண்களும் எக்கியார்குப்பத்து லாரி டிரைவர்களும் அப்படித்தான். எல்லாரையும்விட அதிகமாகக் கொடுத்தவர் மோட்டார்காரர்.

வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விடியலில் உப்பு வார வருகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு அவ்வளவு பெரிய வெள்ளைவெளியில் மோட்டார் கொட்டகையில் அவர் ஒருவர்தான். “இன்னாண்ணே, மோட்டாரு நின்னுடுச்சா, நீ நின்னுட்டியா?” என்று அக்கா போனில் கத்துவார். “டீசல் ஊத்துனாதான்மா ரெண்டு பேரும் ஓடுவோம்” என்பார் அவர். அக்கா ஒன்றும் தேவதை அல்ல. முன்கோபி. வானூருக்குப் போக வேண்டிய லோடை ஒருமுறை இரும்பை கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, பழியை என்மேல் போட்டவர். ஆனால் அந்த போன் அடித்து நின்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடக்கையால் எடுத்துக் கூப்பிடுவார்.

பில், ஸ்டாக், லாரி எல்லாம் பல வருடங்களாக ஒரு சாஃப்ட்வேரில் ஓடிக்கொண்டிருந்தன. அதோடு ஏஐ-யை இணைத்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், டீ கொடுத்தவருக்கும் நன்றி சொல்லுவார். அவர் இணைத்த பிறகு வியாபாரிகள் அனுப்பும் ஆர்டரை அதுவே படித்தது, ஸ்டாக் பார்த்தது, பில் போட்டது, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று டிரைவருக்கும் சொன்னது. கூப்பிடுகிறவர்களிடம் பெண் குரலில் தேனாகப் பேசியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரும்பைக்கும் வானூருக்கும் இடையே லோடு அலைவது அன்றோடு நின்றது.

சாஃப்ட்வேரில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் கொடுத்துத்தான் அதற்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி அடித்து நின்ற அழைப்புகளுக்கு எதிரே அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை வெறும் குப்பை என்று அது ஒதுக்கிவிட்டது. அக்கா முதல் நாளே இன்ஜினியரிடம் கேட்டார்: “மிஸ்டு கால் வந்தா அது திரும்பக் கூப்புடுமா தம்பி?”

“இல்லீங்க மேடம். முழுசா ரிங் விட்டாங்கன்னா அதுவே எடுத்துப் பேசும். போகப்போக பழகிடுவாங்க.”

அக்கா முதலாளியிடம் போய் நின்றார். “சார், மோட்டார்காரர் மாதிரி ஆளுங்க பழக மாட்டாங்க. இந்த போனை மட்டும் என்கிட்டயே விட்டுடுங்க.”

“ஒரே வேலைய ரெண்டு பேரு பாக்கணுமாம்மா?” என்றார் முதலாளி, கோபமில்லாமல்.

அக்காவைப் பாக்கெட் போடும் கொட்டகைக்கு மாற்றினார்கள். எண் இயந்திரத்துக்குப் போனது. சிம் இல்லாத பட்டன் போன் என் இழுப்பறைக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் பழகித்தான் போனார்கள். மோட்டார்காரர் மட்டும் டீசல் வேண்டுமென்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு அக்காவைத் தேடி வந்தார். “விடாம அடிக்க விடுண்ணே, அது பேசும்” என்று அக்கா சொன்னால், “யாரோ படிச்ச பொண்ணு பேசுதும்மா. அதுங்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?” என்று வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், மோட்டார் கொட்டகையில் கிடந்த சாக்கை எடுத்தபோது அவரைப் பாம்பு கடித்தது. வீட்டில் இருந்த ஒரே போன் அவர் கையில் இருந்ததுதான். வண்டி இருப்பது அலுவலகத்தில். அலுவலகத்தைத்தான் கூப்பிட்டார், அவருக்குத் தெரிந்த முறையில். ஒரு மணி அடிக்கவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடியும் ஒரு மணி. உயிர் போகிற நேரத்திலும் அந்த மனிதருக்கு இரண்டாவது மணியை அடிக்கவிட மனம் வரவில்லை. நான் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. எண் எங்கள் காதை விட்டுப் போய்விட்டிருந்தது.

மாலையில் டீசல் கொண்டுபோன டிரைவர் அவரைப் பார்த்தபோது உயிர் இல்லை. அக்கா அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக எங்கள் எண். “என்னையத்தான் கூப்ட்டிருக்காரு” என்றார்.

இன்ஜினியர் அடித்துப் பிடித்து வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரே நாளில் சரிசெய்துவிட்டார். இனி எந்த மிஸ்டு கால் வந்தாலும் அது திரும்பக் கூப்பிடும், ஆபத்து என்றால் வண்டியும் அனுப்பும். அவ்வளவு சுலபமான வேலை. இயந்திரத்தை இணைக்கிறவர்கள் சாஃப்ட்வேரில் இருப்பதை எல்லாம் அதற்கு ஊட்டுகிறார்கள். அக்கா நாள் முழுக்கச் செய்த வேலை அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு காலைப்பொழுது அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் காதாலேயே கேட்டிருக்கலாம். யாரும் உட்காரவில்லை.

கருமாதி அன்று நானும் அக்காவும் மோட்டார்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி எடுத்து, காதில் வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் ஸ்பீக்கரில் போட்டார். விட்டுப்போன பழைய அழைப்புகளையும் இயந்திரம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“வணக்கம். நீங்கள் எங்களை அழைத்திருந்தீர்கள். என்ன உதவி வேண்டும்?”

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். “உன் நம்பராச்சே. யாருக்கா இது?”

அக்கா போனை வாங்கினார். “மோட்டார்காரரைப் பாம்பு கடிச்சிடுச்சி. சீக்கிரம் வண்டி அனுப்பு.”

“பதற வேண்டாம். மோட்டார் கொட்டகைக்கு இப்போதே வண்டி வருகிறது.”

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். மோட்டார்காரர் மனைவி வாய்விட்டு அழத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. கம்பெனி வண்டி டிரைவர், மூச்சிரைக்கப் பேசினார். “கொட்டாய்ல வந்து நிக்கிறேம்பா. அவசரம்னு சொல்லிச்சி. இங்க யாருமே இல்ல. யாரை ஏத்தணும்?”

அக்கா அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. அந்தப் பட்டன் போன் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. இற்றுப்போன ரப்பர் பேண்டை மட்டும் நான் மாற்றினேன், எதற்கென்று தெரியாது. கொட்டகைக்குப் புதிதாக ஒரு மோட்டார்காரர் வந்திருக்கிறார். அவரும் மிஸ்டு கால்தான் கொடுக்கிறார். போன வாரம் டீசல் வாங்க வந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்: “ஆபீஸ்ல அந்த அக்கா ரொம்ப நல்லவங்க சார். ஒரு மணி அடிச்சா போதும், உடனே கூப்புட்டுடறாங்க.”

நான் இழுப்பறையைச் சாத்திவிட்டு அவருக்கு டீசல் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.